பதின்மூன்றாம் சேனல்

அந்தப் பெண்ணின் அசல் சான்றிதழ்கள் எங்கள் நர்சிங் ஹோமின் இரும்புப் பீரோவில் இருந்தன. நர்ஸ் வேலைக்குச் சேரும் நாளன்றே எல்லாரிடமும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடக் கூடாதாம். விசாரணையில் அவள் மேல்தான் தப்பு என்று முடிவானால், அந்தச் சான்றிதழ்களோடு ‘கவனக்குறைவுக்காக நீக்கப்பட்டார்’ என்று ஒரு காகிதமும் சேர்ந்து வரும். அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். துர்கா பூஜை விடுமுறைக்குள் விசாரணையை முடித்துவிட வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். கல்கத்தாவின் கரியாஹாட் நடைபாதையில் புடவைக் கூட்டம் ஆரம்பித்துவிட்டிருந்தது. பூஜைக்கு அதிக நாள் இல்லை.

நான் அங்கே கணினிப் பிரிவு. பிரிவு என்றால் ஏதோ பெரிய கூடம் என்று நினைக்க வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, அதில் நான் ஒருத்தி. கணினி, டெலிபோன், பில் அடிக்கும் பிரிண்டர், எது மக்கர் செய்தாலும் ‘தீதி, தீதி’ என்று அக்கா போட்டுக்கொண்டு என்னைத்தான் தேடி வருவார்கள். அப்பா பாங்கு உத்தியோகத்தில் இந்த ஊருக்கு வந்து டாக்குரியாவிலேயே தங்கிவிட்டவர். நான் பிறந்தது, படித்தது, சண்டை போடக் கற்றுக்கொண்டது எல்லாம் இங்கேதான். கோபம் வந்தால் எனக்கு முதலில் வங்காள மொழிதான் வாயில் வரும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம்தான் இரண்டாம் மாடி இதய வார்டுக்குப் புதுக் கருவி வாங்கியிருந்தார்கள். நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய வயர்களை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, பெட்டியைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அது கம்பி எதுவும் இல்லாமல் இதயத் துடிப்பை அனுப்பும். வார்டின் சுவரில் ஒரு நிலையப் பெட்டி அதை வாங்கி, நர்ஸ் மேசையில் இருக்கும் பெரிய திரைக்குத் தரும். ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு பச்சைக் கோடு. துடிப்பு தாறுமாறானால் அலாரம் அலறும். நோயாளி வயரோடு கட்டிப்போடப்படாமல் எழுந்து நடக்கலாம் என்பதில் எல்லாருக்கும் ஒரே பெருமை. பார்வை நேரத்தில் வந்த சொந்தக்காரர்கள் திரையைப் பார்த்துவிட்டுப் போய்த் தெருவெல்லாம் சொன்னார்கள்.

அப்படி ஒரு பார்வை நேரத்தில்தான் அது நடந்தது. ஜன்னலோரப் படுக்கையில் இருந்த பெரியவருக்கு மருமகள் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாயில் வைத்த துண்டோடு அவர் அப்படியே சாய்ந்தார். மருமகள் போட்ட கூச்சலில்தான் அன்று பணியில் இருந்த நர்ஸ், நான் முதலில் சொன்ன அந்தப் பெண், ஓடிவந்தாள். அவள் அப்போது அந்தக் கோடியில் வேறு ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சை அழுத்தி, டாக்டர்கள் ஓடிவந்து, எப்படியோ அவரை மீட்டுவிட்டார்கள். ஆனால் அவர் இதயம் நின்ற நேரத்தில் அலாரம் அடிக்கவே இல்லை.

அந்தப் பெரியவர் எங்கள் பெரிய டாக்டரின் நோயாளி. பெரிய டாக்டர் என்றால் அந்த நர்சிங் ஹோமே அவர் பெயரைச் சொல்லித்தான் நடந்தது. நல்ல மருத்துவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தப்பு செய்தவரை மன்னிக்கும் பழக்கம் கிடையாது. மறுநாள் காலை கருவி விற்ற கம்பெனியின் இன்ஜினியர் வந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார், அலாரம் அருமையாக அடிக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். கருவி சரியாக இருக்கிறது என்றால் அலாரத்தைக் கையால்தான் அணைத்திருக்க வேண்டும். நர்ஸ்தான் தொந்தரவாக இருக்கிறதென்று அணைத்து வைத்திருக்கிறாள். இப்படி இரண்டும் இரண்டும் நாலு என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். விசாரணைக்குத் தலைமை, பெரிய டாக்டரே.

அவளை வார்டிலிருந்து எடுத்துத் துணி அறையில் போட்டார்கள். சலவையிலிருந்து வரும் விரிப்புகளை மடிப்பதுதான் வேலை. அந்த அறை என் அறைக்கு நேர் எதிரே. அவள் மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வந்து என் ஸ்டூலில் உட்காருவாள். துணி அறைக்கு வந்தபின் வரவில்லை. நான்தான் போனேன்.

“அக்கா, நான் அலாரத்தத் தொடவே இல்ல,” என்றாள், மடிப்பதை நிறுத்தாமல். “கோடு தன்னால போச்சு, தன்னால வந்துச்சு. அன்னைக்கு மட்டுமில்ல, முன்னாடியும் போயிருக்கு. எல்லா பெட்டுக்கும் ஒண்ணா போவும். சூப்பிரண்டு சார்ட்டச் சொன்னேனாக்கும்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“வெளிநாட்டு மிஷினு, ஒனக்குத்தான் பாக்கத் தெரியலன்னாரு. பின்னே நான் என்ன செய்ய?”

“இப்ப வார்டுல இருக்கறவ என்ன சொல்றா?”

“அவ வாயத் தொறப்பாளா அக்கா? தொறந்தா நாளைக்கு அவளும் இங்க வந்து மடிக்கணும்.”

அவள் சொன்னதை நான் உடனே நம்பினேன். நம்பினதற்குக் காரணம் அவள் முகம் இல்லை. எல்லாக் கோடுகளும் ஒன்றாகப் போகும் என்றாளே, அதுதான். பொய் சொல்கிறவள் அந்த ஒரு படுக்கையின் கோட்டைப் பற்றித்தான் சொல்லியிருப்பாள். அலாரத்தை ஒருத்தி அணைக்கலாம், அத்தனை கோடுகளையும் ஒரே நேரத்தில் அழிக்க யாராலும் முடியாது. காற்றில்தான் ஏதோ நடக்கிறது.

காற்றில் நடப்பதைப் பார்க்க என்னிடம் ஒரு வழி இருந்தது. என் மடிக்கணினியில் ஒரு இலவச மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்தேன். கம்பியில்லாமல் பேசும் கருவிகள் எந்த சேனலில் பேசுகின்றன, யார் யாரோடு பேசுகிறார்கள், எவ்வளவு உரக்க என்று அது ஒட்டுக் கேட்டுச் சொல்லும். அதற்கு மடிக்கணினியில் செருக வேண்டிய கார்டு அண்ணா அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. எங்கள் வீட்டில் வைட்டமின் மாத்திரை, பாதாம், ஷாம்பு எல்லாமே அண்ணாவின் பெட்டியிலிருந்துதான் இறங்கும். கார்டும் அந்த வரிசையில் வந்ததுதான்.

அந்த மென்பொருளைப் பொத்தானைத் தட்டி ஓடவிட முடியாது. நீளமான ஒரு கோப்பைத் திறந்து, என்ன கார்டு, எந்தெந்த சேனலைக் கேட்க வேண்டும், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று வரிவரியாக எழுதிவைக்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் முரண்டு பிடிக்கும். மாதிரிக்கென்று அவர்களே கொடுத்த வரியில் ஒன்று முதல் பதினொன்று வரை சேனல்கள் இருந்தன. அதை அப்படியே விட்டேன். பழைய ரேடியோவில் முள்ளைத் திருகிக்கொண்டே போவதுபோல மென்பொருள் ஒவ்வொரு சேனலாகத் தாவிக் கேட்கும்.

முதல் நாள் காலையில் வார்டில் உட்கார்ந்தேன். எங்கள் கருவிகள் பதினோராவது சேனலில் பேசிக்கொண்டிருந்தன. வேறு யாரும் இல்லை. சுத்தமான காற்று. கம்பெனி இன்ஜினியர் பார்த்தது இதைத்தான் என்று புரிந்தது. மாலைப் பார்வை நேரத்தில் மறுபடி போனேன். அப்போதும் ஒன்றும் இல்லை என்று எரிச்சலோடு மூட்டை கட்டும்போது திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் அறுந்தன.

பச்சைக் கோடுகள் இருந்த இடத்தில் வெறும் கறுப்பு. ஓரத்தில் பொடி எழுத்தில் ‘சிக்னல் இல்லை’. சத்தம் இல்லை, விளக்கு மின்னவில்லை. அத்தனை படுக்கைகளிலும் யார் இதயம் ஓடுகிறது, யாருடையது நின்றது என்று அந்த மேசைக்குத் தெரியாது. புதிதாக வந்த நர்ஸ் எழுந்து படுக்கை படுக்கையாக ஓடினாள், ஒவ்வொருவர் மணிக்கட்டாகத் தொட்டாள். பிறகு கோடுகள் எல்லாம் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்தன. அவள் என்னைப் பார்த்தாள், பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என் மென்பொருள் எதையும் பிடிக்கவில்லை. அது அந்த நேரம் வேறு ஏதோ சேனலில் காதை வைத்துக்கொண்டிருந்தது. தாவுவதுதானே அதன் வேலை. மறுநாள் கோப்பைத் திறந்து தாவுவதை நிறுத்தினேன். பதினொன்றிலேயே நில், நகராதே என்று எழுதினேன். அன்று மாலையும் கோடுகள் போயின. இந்தத் தடவை பிடித்தேன், ஆனால் பாதியைத்தான். எங்கள் பெட்டிகள் அனுப்பிய தகவல் துண்டுகள் எல்லாம் உடைந்து உடைந்து வந்தன. காற்றில் இருக்கும் சத்தத்தின் அளவைத் திரையில் காட்டும் எண் திடீரென்று ஏறியது. ஆனால் உடைப்பது யார்? பட்டியலில் எங்களைத் தவிர ஒரு பெயரும் இல்லை. பேய் பிடித்த வீட்டில் பாத்திரம் தானாக விழுவதுபோல இருந்தது.

கேட்டவர்கள் எல்லாரும் இதற்குக் காரணம் மைக்ரோவேவ் அடுப்புதான், அதன் அலை குறுக்கிடுகிறது என்றார்கள். கணினி பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட அதை மட்டும் எங்கேயோ படித்திருந்தார்கள். சமையலறை அடுப்பைப் போட்டுப் பார்த்தேன், அணைத்துப் பார்த்தேன், ஒரு கிண்ணம் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க வைத்தேன். கோடுகள் அசையவில்லை. சமையற்காரர் நான் போகும்வரை என்னை முறைத்துக்கொண்டே நின்றார்.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. சனி, ஞாயிறுகளில் கோடுகள் போகவில்லை. வேலை நாளில் மட்டும், அதுவும் மாலையில். அடுத்த வேலை நாள் மாலை மடிக்கணினியைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு வார்டிலிருந்து வெளியே வந்தேன். மேலே போனால் சத்தம் குறைந்தது. படியில் இறங்க இறங்க ஏறியது. முதல் மாடியில், வேலை நாள் மாலைகளில் மட்டும் நடக்கும் ஆலோசனைக்கு முறை காத்திருந்த நோயாளிகளுக்கு நடுவே, தாம்பாளம் ஏந்திய கல்யாண வீட்டுக்காரி மாதிரி நான் நடந்தேன். சத்தம் உச்சிக்குப் போன இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன். பெரிய டாக்டரின் அறைக் கதவு.

மடிக்கணினியைப் பட்டென்று மூடினேன்.

வாசலில் டோக்கன் கொடுக்கும் அவருடைய உதவியாளரிடம், உள்ளே புதிதாக ஏதாவது வாங்கியிருக்கிறாரா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவருக்கு அதைச் சொல்வதில் அவ்வளவு சந்தோஷம். டாக்டர்பாபுவின் மகன் பிலேத்திலிருந்து வந்தபோது கம்பியில்லாமல் வேலை செய்கிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்திருக்கிறாராம். ஆஞ்சியோ எடுத்த படத்தை மேசைக் கணினியில் போட்டால் போதும், டாக்டர்பாபு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து நோயாளியின் மடியிலேயே வைத்துக் காட்டுவாராம். இதயம் துடிப்பதே தெரியுமாம்.

பிலேத் என்றால் இங்கிலாந்து. கல்கத்தாவில் டாக்டர் வீடுகளில் அப்படித்தான். நல்ல பேனாவா, ஸ்டெதாஸ்கோப்பா, பிள்ளையா, எல்லாம் பிலேத்திலிருந்து வரும். எங்கள் வீடுகளுக்கு எல்லாம் அமெரிக்காவிலிருந்து. அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தபோதே எனக்கு உறைத்தது. கருவியோடு வந்த புத்தகத்தில் எந்த நாட்டில் எத்தனை சேனல் என்று ஒரு பக்கம் உண்டு. அமெரிக்காவில் பதினொன்றோடு சரி. ஐரோப்பாவில் பதின்மூன்று வரை போகலாம். நம் ஊரிலும் அப்படியே. அண்ணா கொண்டுவந்த கார்டுக்குப் பதினொன்றுக்கு மேல் ஒரு உலகம் இருப்பதே தெரியாது. நான் எழுதிய கோப்பும் பதினொன்றோடு நின்றுவிட்டது. இங்கிலாந்துப் பெட்டி பன்னிரண்டிலோ பதின்மூன்றிலோ உட்கார்ந்து உரக்கப் பேசினால், பக்கத்துச் சேனலான எங்கள் பதினொன்றில் ரகளை கேட்கும். ஆனால் யார் என்று என் கார்டால் பார்க்க முடியாது.

மறுநாள் காலை சாந்தினி மார்க்கெட்டுக்குப் போனேன். எந்த நாட்டுக் கட்டுப்பாடும் இல்லாத ஒரு சீனாக் கார்டு வேண்டும் என்றேன். கடைக்காரர் இங்கே எல்லாமே கட்டுப்பாடில்லாததுதான் தீதி என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாலைக்குள் கோப்பில் அந்த வரியைத் திருத்தினேன். புதுக் கார்டின் பெயரை எழுதினேன். பட்டியலைப் பதின்மூன்று வரை நீட்டினேன். முதல் மாடி நடையில் ஓட விட்டேன். பதின்மூன்றாவது சேனலில் அது பளிச்சென்று வந்து நின்றது. தொழிற்சாலையில் வைத்த பெயரைக்கூட மாற்றாத பெட்டி. உள்ளே ஒரு நோயாளி போனார். கொஞ்ச நேரத்தில் பெட்டி மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தது. நான் இரண்டு இரண்டு படியாக ஏறி ஓடினேன். வார்டில் கோடுகள் இல்லை.

கீழே ஒருவருக்கு அவர் இதயத்தைக் காட்டும்போதெல்லாம் மேலே எல்லாருடைய இதயமும் மறைந்துகொண்டிருந்தது. இதை நினைத்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். யாரிடம் போய் இதைச் சொல்வது?

சூப்பிரண்டிடம்தான் போனேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். முழுவதையும் கேட்டார். புரிந்துகொண்டார், அவ்வளவு மக்கு இல்லை அவர். பிறகு குரலைத் தாழ்த்தி வங்காள மொழியில் சொன்னார்.

“உங்களால இதச் சரி பண்ண முடியுமா, தீதி?”

“முடியும். வார்டுக் கருவிகளை ஒண்ணாவது சேனலுக்கு மாத்திட்டா ஒருத்தரை ஒருத்தர் தொட மாட்டாங்க.”

“அப்ப மாத்திடுங்க. இன்னைக்கே. டாக்டர்பாபு பேரை எதுக்கு இழுக்கணும்? ஜமேலா வேண்டாம், வீண் வம்பு.”

“அந்தப் பொண்ணு?”

“அது விசாரணை பாத்துக்கும்.”

அந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். சேனலை மாற்றினால் கோடுகள் அறுவது நின்றுவிடும், அதோடு அவளுக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். மாற்றாமல் விசாரணை வரை வைத்திருந்தால், தினமும் மாலையில் அத்தனை நோயாளிகளும் கண்காணிப்பு இல்லாமல் கிடப்பார்கள். இன்னொருவர் சாய்ந்தால்? படி இறங்கி நேரே துணி அறைக்குப் போய் அவளிடமே சொன்னேன். எனக்கு முடிவு செய்யத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

அவள் கையிலிருந்த விரிப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது. ஆனால் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“மாத்துங்கக்கா. ஆளு செத்துப் போனா அந்தச் சாட்சிய வச்சு நான் என்ன செய்ய?”

அன்றே மாற்றினேன். சுவரில் இருந்த பெட்டி, கழுத்தில் மாட்டும் பெட்டிகள் எல்லாம் ஒன்றாவது சேனலுக்குப் போயின. கம்பெனி உபரியாகக் கொடுத்த ஒரு சின்னப் பெட்டியையும் ஒரு நிலையப் பெட்டியையும் மட்டும் பதினொன்றிலேயே விட்டு என் அறையில் பூட்டி வைத்தேன். மாலைகளில் கோடுகள் ஒழுங்காக ஓடின. நான் பயந்தது அப்படியே நடந்தது. அந்த நர்ஸை வார்டிலிருந்து எடுத்தபின் கருவியில் ஒரு குறையும் இல்லை, பார்த்தீர்களா என்று நடையில் பேச ஆரம்பித்தார்கள். சூப்பிரண்டு என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசாரணை ஒரு மாலையில் வைத்தார்கள். பெரிய டாக்டர், சூப்பிரண்டு, மேட்ரன் அம்மா. அவள் சுவரோரமாக நின்றாள், உட்காரச் சொன்னவர் யாரும் இல்லை. என்னைத் தொழில்நுட்ப விவரம் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். கருவி இப்போது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் போய்விடுவேன் என்பது சூப்பிரண்டின் எதிர்பார்ப்பு. வேலை போனாலும் போகட்டும் என்று நான் வீரமாக முடிவு செய்திருந்தேன் என்றெல்லாம் சொன்னால் பொய். வாய் திறக்கும் வரை எனக்கே தெரியாது.

“சார், எல்லாரும் அஞ்சு நிமிஷம் வார்டுக்கு வரணும்,” என்றேன். “உங்க ரூம்ல இருக்கற பெட்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. சொன்னா நம்ப மாட்டீங்க. காட்டறேன்.”

சூப்பிரண்டின் முகம் வெளிறியது. பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “சோலுன்,” என்று எழுந்தார். போகலாம் வாருங்கள் என்பதில் கோபமா, ஆர்வமா, கண்டுபிடிக்க முடியவில்லை.

வார்டின் காலிப் படுக்கை ஒன்றுக்கு அருகில் உபரி நிலையப் பெட்டியை வைத்து, அதற்கென்று தனியாக ஒரு திரையை நர்ஸ் மேசையில் ஏற்பாடு செய்திருந்தேன். கழுத்துப் பெட்டி என் கையில். அதை யாருக்காவது மாட்ட வேண்டும். பெரிய டாக்டர் பக்கத்துப் படுக்கைக்காரரைக் கை காட்டினார், அவருக்கு மாட்டு என்றார். அதுவரை பேசாமல் நின்றவள் வாய் திறந்தாள்.

“வேண்டாம் சார். பேஷண்ட் வேண்டாம். எனக்கு மாட்டுங்க.”

யார் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு காலிப் படுக்கையில் ஏறித் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். உள்ளே ஒட்டுக் காகிதம் உரிக்கிற சத்தம் கேட்டது. மேசைத் திரையில் ஒரு பச்சைக் கோடு எழும்பி ஓடத் தொடங்கியது. அது வேகமாக ஓடியது. வெளியே நிற்கும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பதை அந்த மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பெரிய டாக்டர் இன்னும் கிட்டே குனிந்தார். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது அந்தக் கோட்டைத்தானே.

நான் இன்டர்காமை எடுத்துக் கீழே உதவியாளரைக் கூப்பிட்டேன். டாக்டர்பாபு சொல்கிறார், மடிக்கணினியில் ஒரு ஆஞ்சியோ படத்தை ஓட விடுங்கள் என்றேன். கீழே உதவியாளர் எதையோ தேடினார். தடவினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இன்று பார்த்து அந்தப் பெட்டி சமர்த்தாக இருந்துவிட்டால் என் கதையும் அவள் கதையும் சேர்ந்தே முடிந்தது. ஓடுகிறது தீதி, என்றார் கடைசியில்.

கோடு நடுங்கியது. துண்டு துண்டானது. பிறகு இல்லை.

ஓரத்தில் பொடி எழுத்து. அலாரம் இல்லை. பெரிய டாக்டர் கறுப்புத் திரையை உற்றுப் பார்த்தார். விரலால் அதைத் தட்டினார். தலையைத் திருப்பித் திரைச்சீலையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. ஜன்னலோரப் படுக்கையில் இருந்த தன் நோயாளியை அன்று இந்தக் கருவி எப்படிக் கைவிட்டது என்பதை அவர் இப்போதுதான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மேட்ரன் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் பேசவில்லை, நல்லவேளை, எனக்கு அவ்வளவு அறிவு இருந்தது.

உள்ளே இருந்தவளுக்கு இது எதுவும் தெரியாது. சீலைக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டதெல்லாம் எங்கள் மௌனம்தான். அந்த மௌனத்தை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பாள் என்று நான் யோசிக்கவில்லை.

“பந்த் கொரோ,” என்றார் பெரிய டாக்டர், என் கையிலிருந்து இன்டர்காமை வாங்கி. “எக்ஷுனி.” உடனே நிறுத்து. கீழே படம் நின்றது.

கோடு திரும்பி வந்தது. வரும்போதே கண்மண் தெரியாத வேகம். எல்லை தாண்டிவிட்டிருந்தது. அலாரம் வீரிட்டது. வார்டு முழுக்க நிறைக்கும் அந்தச் சத்தத்தில் நாங்கள் நாலு பேரும் பிடித்து வைத்ததுபோல் நின்றோம்.

திரைச்சீலை பறந்தது. அவள் கட்டிலிலிருந்து குதித்து வெறுங்காலோடு ஓடி வந்தாள். கழுத்தில் பெட்டி ஆடியது, சட்டைக்குள்ளிருந்து வயர்கள் தொங்கின. விசாரணை, பெரிய டாக்டர், சான்றிதழ் எதுவும் அவள் நினைவில் இல்லை. எங்களைத் தள்ளிக்கொண்டு மேசைக்கு வந்து, திரையைப் பார்த்து, திரும்பி வார்டின் படுக்கைகளை வரிசையாகப் பார்த்தாள்.

“கோன் பெட்?” என்றாள், மூச்சிரைக்க. “கோன் பெட், சார்?”

எந்தப் படுக்கை என்று கேட்கிறாள். அவள் மறுபடி கேட்டாள். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தோமார், மா,” என்றார். “உன்னோடதுதான்.”

அவள் குனிந்து தன் நெஞ்சில் தொங்கிய வயர்களைப் பார்த்தாள்.